இல்லத்தில் முதியோர்: களிம்பும் அணையாடையும்

சென்ற மூன்று திங்களாக இப்பகுதியில் முதியோரின் உணவு, உறக்கம், கண்பார்வை ஆகியவை பற்றி எழுதி வந்தோம். படித்த அன்பர்கள் பலர் சங்கத்தில் கண்டபோது நல்வார்த்தை கூறினர். சிலர் மட்டும் நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்று, குரலைத் தாழ்த்தி வேறொரு வினாவை எழுப்பினர். "வீட்டில் பெரியவருக்கு அணையாடை கட்டுகிறோம். தோல் வெந்துபோகிறது. குழந்தைக்குப் பூசும் களிம்பையே அவருக்கும் பூசலாமா? பூசினால் அணையாடை ஒழுகுகிறதே, ஏன்?" என்பதே அவ்வினா. இப்படிக் கேட்டவர்கள் நால்வர். ஒருவர் கேட்டதை மற்றவர் அறியார். அடுத்தடுத்த வாயில்களில் வாழ்ந்துகொண்டே ஒரே துன்பத்தை ஒருவர்க்கொருவர் மறைத்து வைத்திருக்கின்றோம் என்பது அப்போதுதான் நமக்குப் புலனாயிற்று.

ஆகவே இத்திங்கள் அதனையே பொருளாகக் கொண்டோம். நாம் மருத்துவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் ஏடெழுதும் எழுத்தர். செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்டறிந்தவற்றையும், நூல்களில் கண்டவற்றையும் ஒழுங்குபடுத்தித் தருவதே நம் பணி. விடையைச் சுருங்கச் சொல்லின், களிம்பைப் பூசலாம். ஆனால் மெல்லியதாகவே பூசவேண்டும். களிம்பு தோலுக்கு வேலி. அதுவே அளவு மிஞ்சினால் அணையாடைக்குப் பகை. ஏன் என்பதை இனிக் காண்போம்.

மூடி வைத்த துன்பம்

நம்மில் பெரும்பாலோர் பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்தவர்கள். ஊரில் தாயோ தந்தையோ தனித்து நிற்கும் நாள் வரும்போது, வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, அவர்களை இங்கே அழைத்து வருகின்றோம். கொல்லைப்புறமும் கிணற்றடியுமாகப் பழகியவர்கள், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளுக்குள் வந்து அமர்கின்றனர். இரவில் எழுந்தால் விளக்கின் விசை எங்கே என்று கைக்குத் தட்டுப்படாது. குளியலறைக்குச் செல்லும் வழியில் பேரன் படுத்திருப்பான். மார்கழி, தை மாதங்களில் டில்லிக் குளிர் வேறு சேர்ந்துகொள்ளும். குளிரில் சிறுநீர் மிகும். துவைத்த துணியோ இரண்டு நாளாயினும் உலராது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிச் சமாளித்து வந்தவர்களும், அம்மாதங்களில் கடையில் 'அடல்ட் டயாபர்' என்று விற்கும் அணையாடையை நாடுகின்றனர்.

சிறுநீரை அடக்க இயலாமை முதுமையோடு பிறந்த ஒன்று என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. சிறுநீர்ப் பாதையில் கிருமி, நாட்பட்ட மலச்சிக்கல், கட்டுக்கடங்காத நீரிழிவு, ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். இவற்றுள் பல, தீர்க்கத்தக்கவை. ஆதலின் அணையாடை வாங்கப் புறப்படுமுன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதே முறை.

பெரியவர்களோ தமக்குத் தெரிந்த வழியில் வைத்தியம் செய்துகொள்கின்றனர். பிற்பகலுக்குமேல் நீர் அருந்துவதை நிறுத்திவிடுகின்றனர். யாருக்கும் தொல்லை தரலாகாது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் நீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும். மலமும் இறுகிப் பையை அழுத்தும். எதற்கு அஞ்சி நீரை நிறுத்தினார்களோ அதுவே மிகும். செறிந்த சிறுநீர் தோலையும் முன்னிலும் அதிகமாகக் காந்தச் செய்யும்.

தோல் ஏன் வேகிறது?

"தொடையிடுக்கு வெந்துவிட்டது" என்று நம் தாய்மார்கள் சொல்வது வழக்கம். உண்மையில் அது வெந்த புண்ணுக்கு மிக நெருங்கியதே. நெடுநேரம் துணி துவைத்தவர் கைவிரல்களைப் பாருங்கள். வெளுத்து, ஊறி, சுருங்கி இருக்கும். அணையாடைக்குள் ஈரத்தில் கிடக்கும் தோலும் அவ்வாறே ஊறி வலுவிழக்கின்றது. அந்நிலையில் சிறிது உராய்ந்தாலும் கிழிந்துபோகும்.

ஈரம் மட்டுமே பகையன்று. நலமுள்ள தோல் இயல்பில் சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. அதுவே கிருமிகளுக்கு எதிரான முதல் காவல். சிறுநீரில் உள்ள யூரியா என்னும் பொருளைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அம்மோனியா காரத்தன்மை உடையதாதலின் தோலின் காவல் தளர்கின்றது. மலத்தில், கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் எஞ்சியிருக்கும். காரம் பட்டதும் அவை ஊக்கம் பெறுகின்றன. உணவைச் செரிக்க அமைந்தவை தோலையே செரிக்கத் தொடங்குகின்றன. சிறுநீர் மட்டும் பட்ட தோலைவிட, இரண்டும் கலந்து பட்ட தோல் விரைவில் புண்ணாவதும், வயிற்றுப்போக்கின்போது ஒரே நாளில் தோல் உரிந்துபோவதும் இதனாலேயே.

குழந்தைக்கும் இதே நிகழ்கின்றது. ஆயினும் குழந்தை எடை குறைந்தது, நாளெல்லாம் தூக்கப்படுவது, நனைந்தால் உடனே அழுது ஊரைக் கூட்டுவது. முதியவர் தம் உடலின் பாரம் முழுவதும் அழுந்த, அதே ஈரத்தின்மேல் கிடக்கின்றார். அவருடைய தோலோ வயதினால் மெலிந்து உலர்ந்தது. நனைந்தாலும் வாய் திறந்து சொல்லமாட்டார். ஆகவே ஒரே களிம்பாயினும், குழந்தைக்குப் போதுமான கவனம் முதியவருக்குப் போதாது.

நம் போன்ற மாநிறத்தாரும் கருநிறத்தாரும் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். "தோல் சிவந்திருக்கிறதா, பாருங்கள்" என்று நூல்கள் கூறும். நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ தோன்றலாம். கையைப் புறமாக வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும். துடைக்கும்போது பெரியவர் முகம் சுளிப்பார். இவையே நமக்கு அடையாளங்கள்.

மூவகைக் களிம்புகள்

மருந்துக் கடையில் குழந்தைக்கென்றும் பெரியவர்க்கென்றும் அட்டைப்பெட்டிகள் பல இருப்பினும், உள்ளிருக்கும் காவற்பொருள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றே.

முதலாவது பெட்ரோலியம் ஜெல்லி. 1872-இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ என்பவர் உரிமம் பெற்ற 'வாசலின்' இவ்வகையது. நீரைத் தோலின்மேல் ஒட்டவிடாது, மலிவானது, நறுமணம் சேர்க்காததாயின் பெரும்பாலார்க்கு ஒவ்வாமை தருவதில்லை. ஆனால் எளிதில் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது துத்தநாகக் களிம்பு. 'ஜிங்க் ஆக்ஸைடு' என்று பெட்டியில் எழுதியிருக்கும். வெண்ணிறமானது, கெட்டியானது. மலத்தின் எரிச்சலிலிருந்து தோலைக் காப்பதில் வலியது. குழந்தைகளுக்கென விற்கும் களிம்புகளில் நூற்றுக்கு 10 பங்கு முதல் 40 பங்கு வரை இது கலந்திருப்பதுண்டு. பங்கு மிக மிகக் களிம்பு கெட்டிப்படும். கழுவினாலும் எளிதில் போகாது.

மூன்றாவது டைமெதிக்கோன். சிலிகோன் இனத்தைச் சேர்ந்தது. நிறமற்றது, பிசுபிசுப்புக் குறைந்தது, மெல்லிய படலமாகத் தோலில் தங்கும். துணியில் ஒட்டுவது குறைவாதலின், அணையாடை கட்டுவோர்க்கு இது பெரிதும் ஏற்றது. விலை மட்டும் சற்று மிகுதி.

எனவே, குழந்தைக் களிம்பைப் பெரியவர்க்குப் பூசுவதில் தவறில்லை. நறுமணம் சேர்க்காததாகத் தேர்ந்துகொண்டால் போதும். எந்தக் களிம்பு என்பதைவிட, எவ்வளவு என்பதே பெரிய கேள்வி.

அடைபட்ட வாய்

அணையாடை எவ்வாறு வேலை செய்கின்றது என்று அறிந்தால் இது விளங்கும். அதன் உட்புறத்தில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய விரிப்பு ஒன்று உண்டு. அது நீரைத் தான் வைத்துக்கொள்ளாது, கீழே விட்டுவிடும். அதன்கீழ் மரக்கூழ்ப் பஞ்சும், அதனிடையே 'சோடியம் பாலிஅக்ரிலேட்' என்னும் பொருளின் மணிகளும் இருக்கும். உப்பைப்போல் தோன்றும் அம்மணிகள், தம் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாகி, அழுத்தினாலும் எளிதில் வெளிவிடாமல் பிடித்து வைக்கும். எல்லாவற்றிற்கும் அடியில் நீர் கசியாத உறை. ஆக, மேல்விரிப்பின் வழியே நீர் உடனுக்குடன் இறங்கினால்தான் தோல் உலர்ந்திருக்கும்.

அந்த மேல்விரிப்பின்மேல் களிம்பு கனமாக அப்பிக்கொண்டால் என்ன ஆகும்? நுண்துளைகள் அடைபடும். எண்ணெயும் நீரும் சேராவாதலின் சிறுநீர் உள்ளே இறங்காது மேலே தேங்கும். தேங்கியது இடுக்கு வழியே ஒழுகும். அடியில் உறிஞ்சும் மணிகள் பெரும்பாலும் உலர்ந்தே இருக்க, படுக்கை நனைந்துவிடும்.

எம்மைப் போன்ற ரயில்வேக்காரர்க்கு இது புதிதன்று. தண்டவாளத்தின் கீழ் சரளைக்கல் பரப்புவது எதற்காக? பாரத்தைத் தாங்குவதற்கும், மழைநீர் இடைவெளிகளின் வழியே இறங்கி ஓடுவதற்குமே. அந்த இடைவெளிகளில் சேறு புகுந்து அடைத்துக்கொண்டால், கல் நிறைய இருந்தும் நீர் தேங்கும், பாதை இளகும். புதிய கல்லை மேலே கொட்டிப் பயனில்லை, சேற்றை அகற்றவேண்டும்.

நமது குடியிருப்பிலுள்ள ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். எண்பது வயதுத் தாயார். மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். தாயாரிடம் அன்பில் குறைவைக்காதவர்கள். தோல் வெந்திருப்பதைக் கண்ட மருமகள் குழந்தைக் களிம்பு ஒன்றை வாங்கி, ஒருமுறைக்கு இரண்டு விரல் நிறைய எடுத்துத் தாராளமாகப் பூசினார். அன்று முதல் அணையாடை ஒழுகத் தொடங்கியது. மட்டமான சரக்கு என்று எண்ணி மகன் விலை உயர்ந்ததை வாங்கிவந்தார். அதுவும் ஒழுகியது. ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு கட்டிப் பார்த்தனர். மேலுள்ளதற்கும் நீர் கசியா உறை உண்டாதலின் அதுவும் பயன்படவில்லை, புழுக்கந்தான் மிகுந்தது. புண் பரவியது. புண் பரவவே களிம்பும் கூடியது.

ஒருநாள் விடியலில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த மருமகளிடம், "மூன்று வயதில் விட்டது எண்பதில் திரும்பி வந்துவிட்டதே அம்மா, உன்னை இப்படிப் படுத்துகிறேனே" என்று தாயார் அழுதாராம். அதன்பின் மாலையில் காப்பியும் வேண்டாம், இரவில் நீரும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். பத்து நாளில் சிறுநீர்ப் பாதையில் கிருமி கண்டு காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆயிற்று.

அங்கே இருந்த செவிலி ஒருவர், கழற்றிய அணையாடையின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தது. "துணியைக் குறை சொல்லாதீர்கள், அக்கா. துணியின் வாயை அல்லவா அடைத்திருக்கிறீர்கள்" என்றார் அவர். வீடு திரும்பியபின் களிம்பு கால் பங்காயிற்று. அணையாடை ஒன்றே போதுமாயிற்று. புண் ஆற மூன்று வாரம் பிடித்தது. தாயார் மாலைக் காப்பியை மீண்டும் கேட்டு வாங்கிக் குடிக்க அதைவிட அதிக நாள் பிடித்தது.

இதில் ஐயமுள்ளவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். புதிய அணையாடை ஒன்றின் உட்புறத்தில் ஒரு பாதியில் களிம்பைக் கனமாகத் தடவி, மறுபாதியை வெறுமனே விடுங்கள். இரண்டிலும் இரண்டிரண்டு கரண்டி நீரை ஊற்றுங்கள். வெறும் பாதியில் நீர் விரைந்து இறங்கும். களிம்புப் பாதியில் தாமரை இலைமேல் நீர்போல் உருண்டு நிற்கும். பெட்ரோலியம் கலந்த பூச்சுகள் அணையாடையில் ஒட்டி அதன் உறிஞ்சும் ஆற்றலைக் குறைக்கின்றன என்பதை 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றும் எடுத்துக்காட்டியது.

பூசும் முறை

முதலில் தூய்மை. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கலாகாது. சாதாரணக் குளியல் சோப்பு காரமுள்ளது. ஒவ்வொரு முறையும் அதைப் போட்டால் தோலின் இயல்பான புளிப்புத் தன்மை கெடும். மலம் பட்டபோது மட்டும், காரமில்லாத மென்மையான கழுவுநீர்மம் சிறிது பயன்படுத்தலாம்.

பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்கவேண்டும். பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் மலத்தின் கிருமி சிறுநீர்ப் பாதையைச் சேரும்.

அடுத்து ஈரம் போக ஒற்றி, ஓரிரு நிமிடம் காற்றாட விடுக. தொடையிடுக்கு, மடிப்பு, பின்புறப் பிளவு ஆகிய இடங்களில் ஈரம் ஒளிந்திருக்கும். ஈரத்தின்மேல் களிம்பு பூசினால் ஈரத்தைச் சிறைவைத்ததாகும்.

பின்பு களிம்பு. பட்டாணி அளவு எடுத்து விரல்களுக்கிடையே பரப்பி, மெல்லிய படலமாகத் தடவுக. போதாத இடத்திற்கு மட்டும் மீண்டும் சிறிது எடுத்துக்கொள்க. பெட்ரோலியம் ஜெல்லியாயின் தோல் சற்றே மினுங்கினால் போதும். துத்தநாகக் களிம்பாயின் வெண்மையின் ஊடே தோலின் நிறம் தெரியவேண்டும். பூசியபின் மெல்லிய தாளொன்றை வைத்து எடுத்துப் பாருங்கள். தாளில் களிம்பு அப்பிக்கொண்டு வந்தால் அது மிகுதி. அந்த மிகுதி அணையாடைக்குத்தான் போகும். இரண்டு நிமிடம் பொறுத்து அணையாடையைக் கட்டுக.

மறுமுறை மாற்றும்போது, துத்தநாகக் களிம்பு முழுவதையும் சுரண்டி எடுக்க முயலவேண்டாம். அழுக்கான மேற்படலத்தை மட்டும் எண்ணெய் தோய்த்த பஞ்சினால் மெல்ல எடுத்துவிட்டுக் குறைந்த இடத்தில் மட்டும் பூசினால் போதும். வெண்மை போகுமளவும் தேய்ப்பது புண்ணைப் புதுப்பிப்பதாகும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, காலத்தில் மாற்றுவது. மலம் போனால் அக்கணமே மாற்றவேண்டும். சிறுநீராயின் பகலில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை கைவைத்துப் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றவேண்டும். களிம்பைக் கூட்டி அணையாடையைச் சேமிக்கலாம் என்பது தவறான கணக்கு.

நாள் ஒன்றுக்கு 4 என்றால் திங்களுக்கு 120 அணையாடை. நம் போன்றோர் ஊதியத்தில் இது சிறு தொகையன்று என்பதை அறியாமலா எழுதுகின்றோம்? சேமிக்கவும் வழியுண்டு. பகலில் இரண்டு மணிக்கொருமுறை கேட்டு அழைத்துச் சென்று அமர்த்துங்கள். ஆண்களுக்குச் சிறுநீர்ப் புட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வெயிலுள்ள பிற்பகலில் அணையாடையை நீக்கி, நீர் கசியா விரிப்பின்மேல் பழைய பருத்தித் துணி பரப்பிப் படுக்க வையுங்கள். செலவும் குறையும், தோலுக்கும் காற்றுக் கிடைக்கும்.

தோல் உரிந்து கசியும் இடத்தில் களிம்பைக் கனமாகப் பூசும்படி மருத்துவரே சொல்வதுண்டு. அது வேறு நிலை. அப்போது இயன்றவரை அணையாடையைக் கட்டாது விரிப்பின்மேல் படுக்க வைப்பதும், கட்டியே ஆகவேண்டுமாயின் அடிக்கடி மாற்றுவதும் முறை.

பூசத் தகாதவை

நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யும் சில செயல்கள் தீங்காக முடிகின்றன. டால்கம் பவுடரைத் தூவினால் ஈரத்தில் கட்டிபட்டு மடிப்புகளில் உறுத்தும். களிம்பின்மேல் பவுடரும் தூவுவோர் உளர். அது மாவு பிசைவதே ஆகும். காரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடரை உரிந்த தோலில் போடவே கூடாது. புண்ணின் வழியே அது உடலுக்குள் சென்று நஞ்சாகும். துடைக்கும் நீரில் கிருமிநாசினித் திரவத்தைக் கலப்பதும் வெந்த தோலை மேலும் எரிக்கும். தேங்காயெண்ணெய் உலர்ந்த தோலுக்கு நன்று. ஆனால் மலத்தைத் தடுக்கும் வேலியாக நெடுநேரம் நில்லாது.

எல்லாவற்றினும் கொடியது, அரிப்புக்கும் படைக்கும் சிவப்புக்கும் ஒன்றாகக் கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்பு. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். இரண்டே நாளில் சிவப்பு அடங்கும்; வீட்டார் மகிழ்வர். உள்ளே தோல் மெலியும். காளான் கிருமி மறைந்திருந்து பரவும். அணையாடையால் மூடிய இடத்தில் அம்மருந்து மிகுதியாக உள்ளே இறங்கும். இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று இந்திய அரசு 2018-இல் விதித்தது. கடைக்காரர் கேளாவிடினும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டில்லிவாழ் அன்பர்களுக்கு இன்னுமோர் எச்சரிக்கை. குளிர்காலத்தில் பெரியவர் கட்டிலருகே மின்கணப்போ கரியடுப்போ வைக்கின்றோம். களிம்பு ஊறிய ஆடையும் விரிப்பும் எளிதில் தீப்பற்றும். துவைத்தாலும் அது முற்றும் நீங்குவதில்லை. பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்புத் துறை 2018-இல் இதுபற்றி வலியுறுத்தி எச்சரித்தது. கணப்பைக் கட்டிலுக்கு எட்ட வையுங்கள். பீடி, சிகரெட் பழக்கமுள்ள பெரியவராயின் மேலும் விழிப்பு வேண்டும்.

மருத்துவரைத் தேடும் வேளை

சிவந்த பரப்பைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகள் சிதறியிருந்தால் அது காளான் கிருமியாக இருக்கக்கூடும். நீரிழிவு உடையவர்க்கும் அண்மையில் கிருமிக்கொல்லி மாத்திரை உண்டவர்க்கும் இது மிகுதி. காவற்களிம்பு மட்டும் அதைத் தீர்க்காது. தோல் உரிந்து கசிந்தாலும், சீழோ துர்நாற்றமோ காய்ச்சலோ கண்டாலும், சரியாகப் பேணியும் மூன்று நான்கு நாளில் குறையாவிட்டாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுக. இடுப்பெலும்பு, வாலெலும்பு, குதிகால் போன்ற எலும்பு முனைகளின்மேல் விளிம்பு தெளிந்த புண் தோன்றினால், அது ஈரத்தால் வந்ததன்று. அழுத்தத்தால் வந்த படுக்கைப் புண். அதற்குக் களிம்பு மருந்தன்று. உடலைத் திருப்பிப் படுக்க வைத்தலே முதற்பணி.

ரயிலில் செல்வோர்க்கு

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் பெரியவர்களை ஊருக்கு அழைத்துச் செல்வோர் பலர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை சேர ஏறத்தாழ 33 மணி நேரம். இரண்டு இரவும் ஒரு பகலும். வண்டியில் மாற்றுவது கடினம் என்று அஞ்சிப் புறப்படுமுன் களிம்பை இருமடங்கு பூசி அனுப்புவோர் உண்டு. அணையாடை மிகுதியாக உறிஞ்சவேண்டிய நேரத்தில் அதன் வாயை அடைத்து அனுப்புவது இது. போபால் வருமுன்னரே இருக்கை நனைந்துவிடும்.

வழக்கமான மெல்லிய பூச்சே போதும். நான்கு மணிக்கொருமுறை என்று கணக்கிட்டு 8 அணையாடையும், வண்டி தாமதமானால் உதவ மேலும் 4-உம் எடுத்துக்கொள்க. கீழ்ப்படுக்கை கேட்டு முன்பதிவு செய்க. ஒரு பழைய போர்வையைத் திரையாகப் பிடிக்க ஒருவர் துணையிருந்தால், படுக்கையிலேயே மாற்றிவிடலாம். கழற்றியதைச் செய்தித்தாளில் பொதிந்து பையிலிட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடவேண்டும். வண்டியின் கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொண்டு அப்பெட்டியில் வரும் அனைவர்க்கும் இடர். இதனைச் சொல்லும் உரிமை நமக்குச் சற்று உண்டு என்று நம்புகின்றோம்.

இறுதியாக, கடையில் கிடைக்காத ஒன்றைப் பற்றி. அணையாடை மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். பேரப்பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். தொடுமுன், "துணி மாற்றலாமா அம்மா?" என்று ஒரு சொல் கேளுங்கள். நனைந்துவிட்டது என்பதை அடுத்த அறைக்குக் கேட்கும்படி சொல்லாதீர்கள். இப்பணி மருமகளுக்கு மட்டுமே உரியது என்று எந்த நூலிலும் எழுதவில்லை. தந்தைக்கு மகன் செய்யலாம். தாய்க்கும் மகன் செய்யலாம். நம்மை வளர்த்தபோது அவர்கள் முகம் சுளித்ததாக நமக்கு நினைவில்லை. நாம் சுளித்தால் அவர்களுக்குத் தெரியும். உடனே நீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

நம்மிடம் தனித்தனியே வந்து கேட்ட நான்கு அன்பர்களும் இதைப் படிக்கும்போது, மற்ற மூவர் யார் என்று எண்ணக்கூடும். பெயரைச் சொல்லமாட்டோம். ஆனால் அடுத்த சங்கக் கூட்டத்தில் அவர்களே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால், யாருக்கு எந்தக் களிம்பு ஒத்துக்கொண்டது, எந்தக் கடையில் விலை குறைவு, பகலில் உதவ வரும் செவிலி யார் என்பனவெல்லாம் ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

அடுத்த திங்கள் படுக்கைப் புண் பற்றியும், முதியவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறை பற்றியும் எழுத எண்ணியுள்ளோம்.